மூத்தவள் என்று யாரை எழுதுவது

புஸ்பம் மேசையில் வைத்த படிவத்தில் ஒரேயொரு கோடுதான் நிரப்பாமல் கிடந்தது. மேர்டில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அந்தக் கோட்டுக்கு முன்னால் இங்கிலிசில் அச்சடித்திருந்ததை வாசித்தாள்.

"'இந்த வீட்டை என்ட மூத்த மகளுக்குக் குடுக்கிறன்' எண்டு போட்டிருக்கு. மகள்ட பேர எழுதினா வேல முடிஞ்சிது. இதுக்கு ஏன்கா இந்த வெயிலுக்குள்ள பாலம் கடந்து வந்த நீங்க?"

புஸ்பமும் கூட வந்த மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். போர் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மட்டக்களப்பு நகரத்தில், நீதிமன்றத்துக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் மேர்டிலுக்கு ஓர் அறை இருந்தது. உள்ளே ஒரு டைப்ரைட்டர், ஒரு மேசை விசிறி, இரண்டு கதிரை. இங்கிலிசில் கடிதம் வேண்டிய சனம் எல்லாம் அங்கேதான் போகும். மேர்டில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கிப் பெண், அறுபது வயது, கலியாணம் கட்டாதவள். அவளிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அடித்த கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டாமல் மெசினிலிருந்து தாளை உருவமாட்டாள். ஆட்கள் அவசரப்பட்டாலும் விடமாட்டாள். விளங்காத தாளில் கையெழுத்து வைத்துக் கெட்டுப்போனவர்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள்.

படிவம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துடையது. சுனாமியில் கடல் வந்து போன பிறகு, கல்லடியில் கரையை விட்டுத் தள்ளி எழுபது வீடு கட்டிக் கொடுத்தவர்கள். நல்ல மனிதர்கள், பிள்ளைகளே, அதை நான் சொல்லத்தான் வேண்டும். கட்டத் தொடங்குமுன் சனத்தைக் கூட்டி, உங்கள் ஊரில் வீடு யாருக்குப் போகும் என்று கேட்டார்கள். நம்முடைய பெண்கள் என்ன சொல்வார்கள்? தாயின் வீடு மூத்த பெண்பிள்ளைக்கு என்றார்கள். அவளுக்குக் கலியாணம் ஆனால் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து விடுவான். தாயும் தகப்பனும் வளவுக்குள் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு எப்பாடு பட்டாவது வேறொரு வீடு. வெள்ளைக்காரர்கள் தலையாட்டிக் கேட்டு, அதை அப்படியே கொண்டுபோய்ப் படிவத்தில் அச்சடித்து விட்டார்கள். இப்போது நிறுவனம் அந்த மாதக் கடைசியோடு மூட்டை கட்டப் போகிறது. விதவைகளின் வீடுகளை மூத்த மகள்மாரின் பேருக்கு மாற்றி, உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார்கள். வழக்கத்தை மதித்துச் செய்த காரியம். அதில்தான் புஸ்பம் வந்து மாட்டிக்கொண்டாள்.

"மூத்தவட பேர் கேதீஸ்வரி," என்றாள் புஸ்பம். "அதப் போடுங்க அக்கா."

"போடலாம். இஞ்ச கீழ அவ வந்து கையெழுத்து வைக்கணும்."

"அவ இல்ல."

"எங்க?"

"வன்னில நிண்டவ."

மேர்டில் அதற்கு மேல் கேட்கவில்லை. கடைசிப் போர் நடந்த இடம் வன்னி. அந்த வருடம் அந்தப் பதிலுக்குப் பிறகு யாரும் யாரிடமும் அடுத்த கேள்வி கேட்பதில்லை.

"அன்ரி, என்ட பேரப் போடுங்க," என்றாள் பக்கத்தில் இருந்த மகள். அவள் கம்சாயினி, இளையவள், பத்தொன்பது வயது. "இன்னும் பதினாறு நாளையில எனக்குக் கலியாணம். வீடு என்ட பேரில இல்லாட்டி மாமி இந்தச் சம்பந்தம் வேணாம் எண்டுட்டா."

"இவட பேரப் போட்டா இவதான் மூத்தவ எண்டு ஆகிரும்," என்று தாய் குறுக்கிட்டாள். "அப்ப கேதீஸ் ஆரு?"

"அக்காட பேரப் போட்டா நான் ஆரு?"

இப்படித்தான் ஒரு கிழமையாக வீட்டில் நடந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை வினோஜன், மேசன் வேலை. அந்த எழுபது வீட்டுக்கும் சீமெந்து பூச வந்த இடத்தில்தான் கம்சாயினியைக் கண்டான். அவனுடைய தாய் இலட்சுமிப்பிள்ளை செங்கலடிச் சந்தையில் மரக்கறி விற்கிறவள். அவள் கெட்டவள் இல்லை. சம்பந்தம் பேச வந்த அன்று புஸ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கதைத்தாள்.

"உங்கட மூத்தவள நான் குறை சொல்ல மாட்டன். இயக்கம் பிடிச்சிக்கொண்டு போனா அந்தப் புள்ள என்ன செய்யும்? ஆனா நாளைக்கி அவ வந்து படலையத் திறந்தா வீடு அவட வீடுதானே புஸ்பம்? அப்ப என்ட மகன் சட்டி பானையத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கா போற? ஒண்டில் வீடு கம்சாட பேரில இருக்கணும். இல்லாட்டி மூத்தவ இல்ல எண்டதுக்கு ஒரு கடுதாசித் துண்டு காட்டுங்க."

வழக்கம் அதுதான். இலட்சுமிப்பிள்ளையின் இடத்தில் புஸ்பம் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள்.

மேர்டில் கொஞ்ச நேரம் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி. போமுக்கு மேல ஒரு கடிதம் வைப்பம். இளையவளுக்கு ஏன் குடுக்கிறம் எண்டு விளக்கமா."

தாளைச் செருகி அடித்தாள். பிறகு உருவாமல், வழமைப்படி தமிழில் சொன்னாள். "என்ட பிள்ளைகளுக்குள்ள உயிரோட இருக்கிற மூத்தவ…"

"அத எடுங்க."

"என்ன?"

"அந்த உயிரோட எண்டத எடுங்க. இவ உயிரோட எண்டா மற்றவ?"

மேர்டில் தாளை உருவிக் கசக்கினாள். இரண்டாவது தாளைச் செருகினாள். அதில் மகளின் பேரும் 'எல்டஸ்ட்' என்ற சொல்லும் மட்டும்தான் இருந்தன. அதைச் சொன்னபோது புஸ்பத்தின் கண் நிறைந்துவிட்டது. 'மூத்தவள் கம்சாயினி' என்று தமிழில் கேட்பதற்கு அவளால் முடியவில்லை.

மூன்றாவது தாளை எடுத்தபோது மேர்டிலுக்கே சினம் வந்தது. சினம் புஸ்பத்தின் மேல் இல்லை.

"இந்தப் போம அடிச்ச துரைக்கே இங்கிலிஸ் சரியா வராது போல. ரெண்டு பொம்புளப்பிள்ளையெண்டா எல்டர் எண்டு போடணும். மூண்டுக்கு மேல எண்டாத்தான் எல்டஸ்ட். மட்டக்களப்பில எல்லாரும் ஆறேழு பெத்து வச்சிருக்கிற எண்டு நினைச்சிட்டான்."

கம்சாயினி சிரித்துவிட்டாள். தாய் அவள் தொடையில் கிள்ளினாள்.

மேர்டில் வேறு குரலில் தொடங்கினாள்.

"எங்கட அண்ணன் பிரடெரிக்கத் தெரியும்தானே உங்களுக்கு? டச்பார்க் கடற்கரையில தச்சுப் பட்டறை வச்சிருந்தவன். நத்தார்ப் பெருநாளைக்கு விடிய விடிய ஆடிப் பாடிப்போட்டு, அடுத்த நாள் காலம நித்திரையில கிடந்தவன். கடல் அப்பிடியே கொண்டு போயிட்டுது. அவன் போனதுக்குப் பிறகு எங்கட குடும்பத்தில வயசு கூடின ஆள் நான்தான். ஆரும் கேட்டா அப்பிடித்தான் சொல்ற, ஓல்டஸ்ட் எண்டு. எல்டஸ்ட் எண்டு ஒரு நாளும் சொன்னதில்ல. அது அவன். அம்மாட வயித்தில முதல் வந்தவன் அவன். அத ஆரும் மாத்த ஏலா, கடலாலயும் ஏலா."

"ரெண்டும் ஒண்டில்லையா அன்ரி?" என்றாள் கம்சாயினி.

"கேக்கிறதுக்கு ஒண்டு மாதிரித்தான். எத்தினையோ இங்கிலிஸ்காரனும் மாறி மாறித்தான் சொல்லுவான். ஆனா எனக்கு ஒண்டில்ல. எல்டஸ்ட் பிறந்த வரிசை. ஓல்டஸ்ட், இப்ப இருக்கிற ஆக்களுக்குள்ள வயசு கூடினவ. 'என்னோட இப்ப ஒரே வீட்டில இருக்கிற மகள்மாருக்குள்ள வயசு கூடினவ' எண்டு அடிக்கிறன். ஓல்டஸ்ட்."

"நான் ஒராள்தானே அன்ரி வீட்டில இருக்கிறன். ஒராளுக்குள்ள என்ன வயசு கூடினவ?"

"வாய மூடிக்கொண்டு இரிகா. கலியாணம் வேணுமா, கணக்கு வேணுமா உனக்கு?"

புஸ்பம் மெல்லக் கேட்டாள். "அப்பிடி எழுதினா மற்றவ?"

"மற்றவளப் பத்தி இந்தக் கடிதம் வாயே திறக்காது. செத்தவ எண்டும் சொல்லாது, இருக்கிறா எண்டும் சொல்லாது. வீட்டில இல்ல, அவ்வளவுதான். அது பொய்யும் இல்ல."

புஸ்பம் அந்த வசனத்தை மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டாள். பிறகு தாளை உருவச் சொன்னாள். ஒரு கிழமையாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் கொஞ்சம் இளகியது. பாலத்தில் நடந்து திரும்பும்போது வாவியில் தோணி ஒன்று போவதை நின்று பார்த்தாள்.

இந்த இடத்தில் நான் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு நீங்கள் புஸ்பத்தின் மேல் கோபப்படக் கூடாது.

கடல் வந்த அன்று புஸ்பத்தின் புருசன் நல்லரத்தினமும் ஆறு வயது மகன் நிலோஜனும் போய்விட்டார்கள். பெண்பிள்ளைகள் இரண்டும் தப்பின. பள்ளிக்கூடத்தில் அகதியாக இருந்தார்கள். இரண்டு கிழமை கழித்து, புலி இயக்கப் பொடியன்கள் பேர் எழுதக் கொப்பியோடு வரப்போகிறார்கள் என்று கதை வந்தது. இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒருவர் கேட்பார்கள். கேதீஸ்வரிக்கு அப்போது பதினேழு வயது. புஸ்பம் அவளை விடியுமுன் பெரியகல்லாறுக்கு, தமக்கை ஆச்சிப்பிள்ளையிடம் அனுப்பிவிட்டாள். அந்த வீடு வாவிப் பக்கம் என்பதால் கடல் அதைத் தொடவில்லை. பொடியன்கள் வந்து கேட்டபோது புஸ்பம் சொன்னாள்: புருசன், மகன், மூத்தவள், மூன்று பேரும் கடலோடு போய்விட்டார்கள்.

அவர்கள் நம்பாத மாதிரி நின்றார்கள். அப்போது பதினாலு வயதுக் கம்சாயினி, தாய் சொல்லிக் கொடுத்தபடி, அக்கா அக்கா என்று தலையில் அடித்துக் குளறினாள். தகப்பனுக்கும் தம்பிக்கும் வர வேண்டிய கண்ணீரும் அதில் சேர்ந்து வந்தது. பொடியன்களில் ஒருவன் அவளுக்கு ஒரு பிஸ்கட் பக்கற்றைக் கொடுத்துவிட்டுப் போனான்.

சொன்னது பொடியன்களோடு நிற்கவில்லை. அடுத்த நாள் அரசாங்கத்து ஆட்கள் பட்டியல் எழுத வந்தார்கள். பக்கத்தில் இருந்த சனம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவருக்கு மூன்று என்று சொல்லிவிட்டு இன்னொருவருக்கு இரண்டு என்று எப்படிச் சொல்வது? மூன்று பேர் எழுதினார்கள். சில மாதத்தில் கிராமத்து விதானையார் மூன்று மரணப் பத்திரம் கொண்டுவந்து கொடுத்தார். புஸ்பம் மூன்றையும் கை நீட்டி வாங்கினாள்.

ஒன்றரை வருடம் கேதீஸ்வரி பெரியம்மா வீட்டில் ஒளிந்து இருந்தாள். ஒரு பின்னேரம் திருவிழா பார்க்க விட்டார்கள். வரும் வழியில் இயக்கப் பொடியன்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வன்னியில் இருந்து இரண்டு கடிதம், இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதம் ஒரு போன். காலில் சின்னக் காயம், பயப்பட வேண்டாம் என்றாள். பிறகு ஒன்றும் இல்லை. போர் முடிந்த பிறகு புஸ்பம் இரண்டு தரம் வவுனியா முகாம்களுக்குப் போய்க் கம்பிக்கு வெளியே நின்றாள். காணாமல் போனவர்களைத் தேடுகிற கந்தோர் ஒன்றில் பேர் கொடுத்தாள். அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வியே மரணப் பத்திரம் எடுத்தீர்களா என்பதுதான். எடுத்திருந்தால் தேட மாட்டோம், கோவையை மூடிவிடுவோம் என்றார். புஸ்பம் இல்லை என்று சொன்னாள்.

இலட்சுமிப்பிள்ளை கேட்ட துண்டு, ஆக, புஸ்பத்திடம் இருந்தது. அரிசிப் பெட்டிக்குள், பொலித்தீன் பையில். அதை எடுத்துக் காட்டியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அவளால் முடியவில்லை. பிள்ளையை ஒருதரம் வாயால் சாகக் கொடுத்தேன், அந்தச் சொல்தான் அவளைத் துரத்திக்கொண்டு போனது என்று அவள் நம்பினாள். நீங்கள் சொல்லலாம், சொல்லுக்கு அப்படிப் பலம் கிடையாது என்று. அதை ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த நாள் காலை இருவரும் நிறுவனத்தின் கந்தோருக்குப் போனார்கள். பாதிச் சாமான்களை ஏற்கெனவே பெட்டியில் கட்டியிருந்தார்கள். கணினிக்கு முன்னால் அஹமட் இருந்தான். காத்தான்குடிப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். வரிசையில் நின்ற எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

புஸ்பம் படிவத்தையும் கடிதத்தையும் இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் கடிதத்தில் கண்ணை ஓட்டினான்.

"மேர்டில் மிஸ் அடிச்சதா? பார்த்தவுடன தெரியும்."

"அதில ஓல்டஸ்ட் எண்டு போட்டிருக்கு சேர்," என்றாள் கம்சாயினி. "எல்டஸ்ட் இல்ல. அது வேற."

"வேறயா?" அஹமட் சிரித்தான். "எங்களுக்கு எல்லாம் ஒண்டுதான் தங்கச்சி. கம்பியூட்டருக்கும் ஒண்டுதான். அடையாள அட்டையத் தாங்க."

அட்டை இலக்கத்தைத் தட்டினான். திரையைப் பார்த்தான். பிறகு கடிதத்தை எடுத்து புஸ்பத்திடமே திருப்பிக் கொடுத்தான்.

"அம்மா, இந்தக் கடிதமே உங்களுக்குத் தேவல்ல. பள்ளிக்கூடத்தில எழுதின லிஸ்ட்டுத்தான் எங்களுக்கிட்டயும் இரிக்கி. நல்லரத்தினம், நிலோஜன், கேதீஸ்வரி, மூணு பேரும் சுனாமில செத்து மோசம் போனதெண்டு பதிஞ்சிரிக்கி. அப்ப இந்தத் தங்கச்சிதானே மூத்தவ? ஒரு பிரச்சினையும் இல்ல. இதில ஒரு கையெழுத்து, அதில ஒரு கையெழுத்து. வெள்ளிக்கிழம உறுதி கைக்கு வந்திரும்."

புஸ்பம் கடிதத்தை நாலாக மடித்தாள்.

"சரிதானே அம்மா? பதிஞ்சது சரிதானே?"

அவள் திரையைப் பார்த்தாள். இங்கிலிசில் இருந்தது, அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பிறகு பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தாள். நேற்று முழுவதும் ஒரு சொல்லுக்காகத் தாள் தாளாகக் கசக்க வைத்த தாய் இவள். ஆனால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் காது மடலில், கலியாணத்துக்கென்று புதிதாகக் குத்திய இரண்டாம் துளை இன்னும் ஆறாமல் சிவந்து கிடந்தது. இவளுக்கு இன்னொரு வீட்டுக்கு எங்கே போவது? இவளும் கையை விட்டுப் போனால்?

புஸ்பம் தலையாட்டினாள். "ஓம் சேர்," என்றாள்.

அஹமட் பேனையை நீட்டினான். கம்சாயினி அதை வாங்கினாள். கோட்டின் மேல் பேனை முனையை வைத்தாள். அப்படியே இருந்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"இஞ்சதான் தங்கச்சி, இந்த இடத்தில."

"இந்த லிஸ்ட் பிறகு எங்க போகும் சேர்?"

"கச்சேரிக்கு, அரசாங்க அதிபர்ட கந்தோருக்கு. நாங்க மூடுறதுக்கு முதல் எல்லாத்தையும் அங்க குடுக்கணும்."

"அங்க இருந்து, ஆக்களத் தேடுறவங்களுக்கும் போகுமா?"

"கேட்டாங்க எண்டா குடுப்பாங்க."

அவள் பேனையை மேசையில் வைத்தாள்.

"அது பிழ சேர். அக்கா கடலில சாகல்ல."

"கம்சா," என்றாள் தாய்.

"நீங்க சும்மா இருங்க அம்மா. சேர், அக்காவப் பிடிச்சிருவாங்க எண்டு நாங்க அப்பிடிச் சொன்னம். அம்மா சொன்னா, நான் அழுதன். நான் அழுதபடியாத்தான் அவங்க நம்பின. ரெண்டாயிரத்தி ஆறில அவவப் பிடிச்சிட்டாங்க. இந்த மாசியில போன் எடுத்தவ. நான்தான் கதைச்ச. சாப்பிட்டியாகா எண்டு கேட்டவ."

அஹமட் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துக் குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சி, இப்பிடிச் சொன்ன ஆக்களில நீங்க முதல் ஆள் இல்ல. அந்த நேரம் எத்தினை தாய்மார் அப்பிடிச் சொன்னாங்க எண்டு அல்லாவுக்குத்தான் தெரியும். ஆனா இப்ப யோசிச்சிக் கதைங்க. நான் ஒண்ணும் கேக்கல்ல, நீங்க ஒண்ணும் சொல்லல்ல. கையெழுத்த வச்சிட்டுப் போங்க. வீடு உங்கட. இல்லெண்டா நான் இத வெட்டணும். வெட்டினா உங்கட ஃபைல் கொழும்புக்குப் போகும், வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்பி வராது. நாங்க போயிருவம். வீடு உறுதி இல்லாம அம்மாட பேரில சும்மா கிடக்கும். எப்ப வரும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். அதோட, இயக்கத்தில இருந்த பிள்ள உயிரோட எண்டு எழுதினா, வீட்டுக்கு விசாரிக்க ஆக்கள் வருவாங்க. விளங்குதா?"

"விளங்குது."

"கலியாணம் பேசியிருக்கெண்டு சொன்னாங்க."

"ஓம்."

"அப்ப?"

கம்சாயினிக்கும் பயமாகத்தான் இருந்தது, பிள்ளைகளே. தைரியசாலி என்று நான் அவளைச் சொல்ல மாட்டேன். கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டுக்குள்ள எனக்கு நித்திர வராது சேர். வெட்டுங்க."

அஹமட் தாயைப் பார்த்தான். புஸ்பம் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஓம் என்றோ இல்லை என்றோ அவளிடமிருந்து வரவில்லை. அவன் பெருமூச்சு விட்டு, திரையில் ஓர் இடத்தை அழித்தான்.

"இதில சும்மா விட ஏலா. இறந்தவ எண்டத எடுத்தா வேற என்ன போடுற? வீட்டில வசிக்கிறா எண்டும் போட ஏலா."

"காணாமல் போனவ எண்டு போடுங்க," என்றாள் கம்சாயினி.

"கடைசியா இருந்த விலாசம்?"

"தெரியாது."

"தெரியாதெண்டா கம்பியூட்டர் பதிய விடாது தங்கச்சி. ஏதாவது ஒரு விலாசம் வேணும்."

அப்போதுதான் புஸ்பம் சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். வீட்டு இலக்கத்தைச் சொன்னாள். கேதீஸ்வரி ஒரு நாளும் கால் வைக்காத வீடு அது. அவளைக் கொண்டுபோய் ஒரு வருடம் கழித்துத்தான் அதற்குக் கூரை போட்டார்கள்.

"இந்த வீடேதான்," என்றாள். "அவட வீடு."

அஹமட் அதைத் தட்டினான். நிரப்பாத படிவத்தை ஒரு கோவைக்குள் வைத்து, அதைக் கொழும்புக்குப் போகிற பெட்டியில் போட்டான். அடுத்த பேரைக் கூப்பிட்டான்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. இருவரும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள். அங்கே வந்ததும் கம்சாயினி போனை எடுத்து வினோஜனுக்கு அடித்தாள்.

"ஓம், நான்தான்… இல்ல, கையெழுத்து வைக்கல்ல… அவங்க மாட்டன் எண்டு சொல்லல்ல, நாங்கதான்… அம்மாட பேரிலதான் கிடக்கும்… அக்கா செத்ததா எழுதியிருந்தது, அத வெட்டிப் போட்டம்…"

பிறகு கனநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். புஸ்பம் அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

"நீங்க மாமியிட்டச் சொல்லாதீங்க," என்றாள் கடைசியில். "நான் வந்து சொல்றன். இப்பவே வாறன்."

போனை வைத்தாள்.

"என்னவாம்?" என்றாள் தாய்.

"ஒண்டும் சொல்லல்ல. அவர்ட அம்மாட்டக் கதைக்கணுமாம்."

"நானும் வாறன். நீ தனியப் போகப்படா."

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. விசாரிக்க ஆக்கள் வருவாங்க எண்டு சேர் சொன்னவர்தானே. வந்து பார்த்து வீடு பூட்டிக் கிடந்தா அக்காட விலாசம் பொய் எண்டு எழுதிருவாங்க."

புஸ்பத்துக்கு அது சரியாகவும் பட்டது, சரியில்லாமலும் பட்டது. இன்றைக்கே யார் வரப்போகிறார்கள்? ஆனால் இன்றைக்கே வந்துவிட்டால்?

பஸ் வந்தது. கம்சாயினி கூட்டத்துக்குள் நுழைந்து ஏறினாள். யன்னல் பக்கம் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பும்போது புஸ்பம் இரண்டு அடி கூடவே ஓடி, "மாமியோட எதிர்த்துக் கதைச்சிராதகா," என்று உரத்துச் சொன்னாள். மகளுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை.